நான்கு இதழ்களும் ஒரு கரண்டி மருந்தும்

பத்திரிகைகளில் பல வகை உண்டு. வீட்டுக்கு வந்தவுடன் தாயார் ஒரு பக்கமும் குழந்தைகள் ஒரு பக்கமும் பிடித்து இழுக்கும் பத்திரிகைகள் ஒரு வகை. ரயில் புறப்படும் சமயத்தில் ஜன்னல் வழியாகக் கை நீட்டி வாங்கி, இறங்கும் ஸ்டேஷனில் ஆசனத்தின் மேலேயே விட்டுச் செல்லும் பத்திரிகைகள் மற்றொரு வகை. மூன்றாவது வகையைக் கடைகளில் காண முடியாது. அதில் கதை இல்லை, சித்திரம் இல்லை, ஹாஸ்யம் அறவே இல்லை. அதற்கு எழுதுகிறவர்கள் சன்மானம் பெறுவதில்லை. படிக்கிறவர்களோ பெரும்பாலும் எழுதுகிறவர்களேதான். பண்டிதர்கள் பண்டிதர்களுக்காக நடத்தும் சாஸ்திரப் பத்திரிகைகளையே சொல்கிறோம்.

அவற்றுள்ளும் ஒரு சிறு பிரிவைப் பற்றி இந்த வாரம் எழுதத் துணிந்தோம். மருந்துக் கடையிலும் மருந்துத் தொழிற்சாலையிலும் வேலை செய்யப் போகிறவர்களுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர்கள், அந்தப் பாடத்தை எப்படிச் சொல்வது என்று தமக்குள் கலந்து பேசுவதற்காக நடத்தும் பத்திரிகைகள் இவை. இதைக் கேட்டவுடன் வாசகர்களில் சிலர் அடுத்த பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். இன்னும் புரட்டாதவர்கள் சற்றுப் பொறுமையாக இருக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

ஒவ்வொரு வீட்டிலும் அலமாரியின் மேல் தட்டில், குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில், ஒரு மருந்துப் புட்டி இருக்கிறது. இரவு பத்து மணிக்குக் குழந்தை இருமத் தொடங்கினால், தாயார் விளக்கைப் போட்டு, புட்டியைக் குலுக்கி, ஒரு கரண்டி அளந்து குழந்தையின் வாயில் விடுகிறாள். அந்தக் கரண்டியில் இருப்பது இன்னதென்று அவளுக்குத் தெரியாது. வைத்தியர் எழுதியிருக்கிறார், கடைக்காரர் கொடுத்திருக்கிறார், எங்கோ ஒரு தொழிற்சாலையில் படித்தவர்கள் தயாரித்திருக்கிறார்கள். அவளுடைய நம்பிக்கை முழுவதும் 'படித்தவர்கள்' என்ற அந்த ஒரு வார்த்தையின் மேல் நிற்கிறது. அப்படியானால், அவர்கள் என்ன படித்தார்கள், அவர்களுக்குக் கற்பித்தவர் எங்கிருந்து கற்றார் என்ற கேள்விகள் பண்டிதர்களுக்கு மட்டும் உரியவையாக இருக்க முடியாது. அவை நம் வீட்டுக் கேள்விகள்.

இந்தக் கேள்விகளுக்காகவே தனிப் பத்திரிகை கண்ட தேசம் அமெரிக்க ஐக்கிய நாடு. சென்ற நூற்றாண்டின் தொடக்கம் வரையில் அங்கே மருந்து கலக்கும் தொழிலை அநேகர் கடையில் நின்றே கற்றுக்கொண்டார்கள். கல்லூரிகளும் இருந்தன. ஆனால் எத்தனை வருஷப் படிப்பு, சோதனைச்சாலையில் எத்தனை மணி நேரம், பரீட்சை எப்படி என்பவற்றில் ஒரு கல்லூரிக்கும் மற்றொரு கல்லூரிக்கும் ஒற்றுமை கிடையாது. 1900-ஆம் வருஷம் சில கல்லூரிகள் வர்ஜீனியா மாகாணத்து ரிச்மண்ட் நகரில் கூடி ஒரு மகாநாடாக அமைந்தன. 1925-ல் அது அமெரிக்க மருந்தியல் கல்லூரிகளின் சங்கம் என்று பெயர் பெற்றது. 1932-ல் சேர்ந்த மாணவர்கள் முதற்கொண்டு, நான்கு வருஷப் பட்டப் படிப்பே குறைந்தபட்சப் படிப்பு என்று அந்தச் சங்கம் விதித்தது.

விதிப்பது சுலபம். நான்கு வருஷத்தை எதைக் கொண்டு நிரப்புவது? கடையில் கையால் கற்றதை வகுப்பில் வாயால் எப்படிக் கற்பிப்பது? ரஸாயனம் எவ்வளவு, உடற்கூறு எவ்வளவு, கணக்கு வழக்கு எவ்வளவு? ஒரு கல்லூரியில் ஓர் ஆசிரியர் பத்து வருஷம் பாடுபட்டு ஒரு நல்ல முறையைக் கண்டிருப்பார். ஆயிரம் மைலுக்கு அப்பால் மற்றோர் ஆசிரியர் அதே கஷ்டத்தை முதலிலிருந்து பட்டுக்கொண்டிருப்பார். இருவரும் வருஷத்துக்கு ஒரு முறை சங்கக் கூட்டத்தில் சந்தித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

நம்மைப் போன்ற பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்களுக்கு இது நன்றாகப் புரியும். உலகத்தில் மிகச் சுலபமாக அழிந்துபோகும் வஸ்து எது என்று கேட்டால், நல்ல பாடம் என்போம். பின்னத்தை இப்படிச் சொன்னால் கடைசி வரிசைப் பையனுக்கும் விளங்குகிறது என்று ஓர் ஆசிரியர் கண்டுபிடிக்கிறார். மணி அடிக்கிறது. கரும்பலகை துடைக்கப்படுகிறது. அவர் ஓய்வு பெறும் நாளில் அந்த வித்தையும் அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. சிற்பிக்குச் சிலை மிஞ்சுகிறது. கவிக்குச் சுவடி மிஞ்சுகிறது. ஆசிரியருக்கு மிஞ்சுவது துடைத்த பலகைதான். அதை எழுதி வைக்க ஓர் இடம் வேண்டும். எழுதியதை இன்னோர் ஆசிரியர் படிக்கவும் வேண்டும்.

அத்தகைய இடம் 1937-ஆம் வருஷம் ஜனவரி மாதம் பிறந்தது. 'அமெரிக்கன் ஜர்னல் ஆப் பார்மஸ்யூடிகல் எஜுகேஷன்' என்பது அதன் பெயர். மூன்று மாதத்துக்கு ஓர் இதழாக, வருஷத்துக்கு நான்கு இதழ்கள். ஆசிரியர் ரூபஸ் லைமன். நெப்ராஸ்கா மாகாணத்தில், லிங்கன் நகரிலுள்ள சர்வகலாசாலையில் 1908 முதல் மருந்தியல் பகுதிக்குத் தலைவராக இருந்தவர். பட்டத்தால் அவர் வைத்தியர். 1875-ல் பிறந்த அவர், பெரும்பாலோர் பேரப்பிள்ளைகளோடு காலம் கழிக்க நினைக்கும் வயதில் இந்தப் பத்திரிகையைத் தலையில் ஏற்றிக்கொண்டார். 1955 வரையில் இறக்கி வைக்கவில்லை.

இம்மாதிரிப் பத்திரிகையை ஒரு வருஷம் நடத்துவது எத்தகைய வேலை என்று வாசகர்கள் ஊகித்துப் பார்க்கலாம். முதலில் வியாசம் வேண்டும். ஆசிரியர்கள் வாயால் எத்தனை மணி நேரமும் பேசுவார்கள். எழுதித் தாருங்கள் என்றால், வகுப்பு இருக்கிறது, பரீட்சைத் தாள் இருக்கிறது என்பார்கள். வந்து சேரும் வியாசங்களில் சில, 'எங்கள் கல்லூரி மிகச் சிறந்த கல்லூரி' என்று மட்டும் சொல்லும். சில, புதிய முறை ஒன்றைப் புகழும். அதனால் மாணவர் அதிகம் கற்றார்களா என்று கேட்டால் பதில் சொல்லாது. ஒவ்வொன்றையும் படிக்க வேண்டும். விஷயம் தெரிந்தவர்களின் அபிப்பிராயத்தைக் கேட்க வேண்டும். அவர்கள் பதில் எழுதும்வரை காத்திருக்க வேண்டும். திருத்தச் சொன்னால் எழுதியவருக்கு மனஸ்தாபம். திருத்தாமல் போட்டால் படிப்பவருக்கு நஷ்டம். அதற்கு மேல் அச்சகம், புரூப், தபால், சந்தா. நான்காவது இதழ் வெளிவந்த அன்று, அடுத்த வருஷத்து முதல் இதழுக்கு மேஜையில் ஒன்றுமில்லை என்று தெரிய வரும்.

இவ்வளவு சிரமமும் எதற்காக என்ற கேள்விக்கு அந்த 1937-ஆம் வருஷமே பதில் வைத்திருந்தது. மிகக் கொடிய பதில் அது.

அந்தக் காலத்தில் 'ஸல்பனிலமைட்' என்ற மருந்து புதிதாக வந்து, தொண்டைப் புண் முதலிய தொற்று நோய்களைக் குணப்படுத்திப் பெரும் புகழ் பெற்றிருந்தது. மாத்திரையாகவும் தூளாகவும் அது கிடைத்தது. டென்னஸி மாகாணத்து பிரிஸ்டல் நகரில் இருந்த மாஸென்கில் என்ற கம்பெனியின் விற்பனையாளர், தென் பகுதி ஜனங்கள் இதைத் திரவமாகக் கேட்கிறார்கள் என்று தெரிவித்தார். கம்பெனியின் தலைமை ரஸாயனியான வாட்கின்ஸ் என்பவர், மருந்தைக் கரைக்கக்கூடிய திரவம் ஒன்றைத் தேடினார். டை எத்திலீன் கிளைகால் என்ற திரவத்தில் அது நன்றாகக் கரைந்தது. ராஸ்ப்பெரிப் பழ வாசனை சேர்த்தார்கள். சுவை பார்த்தார்கள், நிறம் பார்த்தார்கள், மணம் பார்த்தார்கள். எல்லாம் திருப்திகரமாக இருந்தன. விஷமா அல்லவா என்று மட்டும் பார்க்கவில்லை.

பார்க்க வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை. மொத்தம் 240 காலன் தயாராகிச் செப்டம்பர் மாதத்தில் தேசம் முழுவதும் போயிற்று. அக்டோபர் மாதத்தில் ஓக்லஹோமா மாகாணத்து டல்ஸா நகர வைத்தியர்களிடமிருந்து அமெரிக்க வைத்திய சங்கத்துக்குச் செய்தி வந்தது. மருந்து சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீர் நின்றுவிடுகிறது; வயிற்று வலி, வாந்தி, மயக்கம்; சில தினங்களில் மரணம். அந்தத் திரவம் மூத்திரக் கோசங்களைக் கெடுக்கும் விஷம். அரசாங்கத்தின் உணவு மருந்து இலாகா, தன்னிடமிருந்த இன்ஸ்பெக்டர்கள் 239 பேரையும் ஏறக்குறைய முழுமையாக இந்த ஒரு வேலைக்கே அனுப்பியது. கடை கடையாக, வீடு வீடாகத் தேடி, பெரும்பகுதியைக் கைப்பற்றினார்கள். ஆயினும் 15 மாகாணங்களில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களில் அநேகர் குழந்தைகள். வாட்கின்ஸ், வழக்கு விசாரணைக்கு வருவதற்கு முன்பே தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

கம்பெனியின் மீது சாட்டக்கூடிய குற்றம் என்னவென்று தேடிப் பார்த்தபோது, ஒன்றுதான் அகப்பட்டது. புட்டியின் மேல் 'எலிக்ஸிர்' என்று எழுதியிருந்தது. எலிக்ஸிர் என்றால் அதில் சாராயம் இருக்க வேண்டும், இதில் இல்லை, ஆகவே பெயர் பிழை! 'கரைசல்' என்று எழுதியிருந்தால் அந்தக் குற்றச்சாட்டும் நின்றிராது. தேசம் கொதித்தது. 1938-ஆம் வருஷம் ஜூன் 25-ந் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். அது முதல், புதிய மருந்தை விற்பதற்கு முன் அது அபாயமற்றது என்று காட்ட வேண்டியதாயிற்று.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் சட்டத்தோடு நிறுத்திவிடுவது வழக்கம். நாம் இன்னும் ஓரடி உள்ளே போக விரும்புகிறோம். டை எத்திலீன் கிளைகால் மூத்திரக் கோசங்களைக் கெடுக்கக்கூடும் என்பதை 1937-க்கு முன்பே சிலர் ஆராய்ந்து சாஸ்திரப் பத்திரிகைகளில் எழுதியிருந்தார்கள். அதாவது விஷயம் தெரிந்துதான் இருந்தது. அச்சாகியும் இருந்தது. புத்தகசாலையின் அலமாரியில் வரிசையாக அடுக்கியும் இருந்தது. அந்த அலமாரிக்கும் பிரிஸ்டல் நகரத்துத் தொழிற்சாலைக்கும் இடையே பாதை இல்லாமல் போயிற்று. புதிய கரைப்பானைக் கையில் எடுக்குமுன் புத்தகசாலைக்குப் போய்த் தேடு, பிறகு மிருகத்திடம் சோதி, அதன் பிறகே மனிதனுக்குக் கொடு என்ற மூன்று வாக்கியங்கள், மருந்து செய்கிறவனுக்கு மூச்சு விடுவதைப் போலப் பழக்கமாகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கம் சட்டப் புத்தகத்திலிருந்து வருவதில்லை. வகுப்பிலிருந்து வருகிறது.

ஆராய்ச்சிப் பத்திரிகை ஒன்று, 'இது விஷம்' என்று சொல்லும். 'இது விஷமா என்று கேட்கும் புத்தியை இருபது வயது மாணவனுக்கு எப்படி உண்டாக்குவது' என்பதுதான் கல்விப் பத்திரிகையின் வேலை. முன்னது இருந்தும் பின்னது குறைவாக இருந்தால் என்ன நேரும் என்பதை அந்த ஒரு வருஷம் காட்டியது. லைமனின் பத்திரிகை தன் முதல் நான்கு இதழ்களை முடித்துக்கொண்டிருந்த அதே மாதங்களில் இன்ஸ்பெக்டர்கள் புட்டிகளைத் தேடி அலைந்துகொண்டிருந்தார்கள். பத்திரிகை நடத்துகிறவர்களுக்கு இதைவிடக் கடுமையான நினைப்பூட்டல் வேண்டியதில்லை.

நல்ல ஆசிரியரிடம் பெற்ற புத்தி எவ்வளவு தூரம் பயணம் செய்யும் என்பதற்கும் அதே நிகழ்ச்சியிலிருந்து சான்று கிடைக்கிறது. சிக்காகோ சர்வகலாசாலையில் கெய்லிங் என்ற பேராசிரியர், அந்த மருந்தை மிருகங்களிடம் சோதித்து, கொன்றது கரைப்பானே என்பதை நிலைநாட்ட உதவினார். அவருடைய சோதனைச்சாலையில் மாணவியாக வேலை செய்த பிரான்ஸஸ் ஓல்டாம் என்னும் பெண், பிற்பாடு விவாகமாகி பிரான்ஸஸ் கெல்ஸி ஆனார். 1960-ல் அவர் உணவு மருந்து இலாகாவில் வேலைக்கு அமர்ந்த பிறகு, 'தாலிடோமைட்' என்ற தூக்க மருந்தை அமெரிக்காவில் விற்க அனுமதி கேட்டு ஒரு கம்பெனி விண்ணப்பித்தது. ஐரோப்பாவில் தாராளமாக விற்பனையாகிக் கொண்டிருந்த மருந்துதான். கெல்ஸி, காட்டிய சான்று போதாது என்று திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டு அனுமதியை நிறுத்தி வைத்தார். அந்த மருந்தைக் கர்ப்ப காலத்தில் சாப்பிட்ட தாய்மார்களுக்குக் கை கால் குறைந்த குழந்தைகள் பிறந்த செய்தி பிறகு வெளிவந்தது. 1937-ல் சோதனைச்சாலையில் ஒரு மாணவி கற்ற பாடம், 1960-க்குப் பிறகு எண்ணற்ற தாய்மார்களைக் காத்தது.

நம் தேசத்தில் இந்த விஷயம் எப்படி நடந்தது என்று பார்ப்போம். அந்நிய ஆட்சிக் காலத்தில் நம் நாட்டில் கம்பவுண்டர்கள் இருந்தார்கள். மருந்தியல் பட்டதாரிகள் வெகு காலம் வரையில் இல்லை. கலப்பட மருந்துகள் சந்தையில் நிறைந்திருந்ததை விசாரிப்பதற்காக, கர்னல் ராம்நாத் சோப்ராவின் தலைமையில் 1930-ல் ஒரு கமிட்டி நியமனமாயிற்று. மறு வருஷம் அது அறிக்கை கொடுத்தது. அறிக்கை சட்டமாவதற்கு 1940 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் சட்டத்துக்காகக் காத்திராத ஒருவர் இருந்தார். மகாதேவ லால் ஷ்ராப் என்பவர், பண்டித மாளவியாவின் காசி ஹிந்து சர்வகலாசாலையில் 1932-ல் மருந்தியல் கல்வியைத் தொடங்கினார். 1937-ல், ஆம், அதே 1937-ல்தான், அங்கே மருந்தியலுக்கென்று தனிப் பட்டப் படிப்பு ஏற்பட்டது.

மாணவர்களைச் சேர்த்தவுடன் ஷ்ராப் செய்த அடுத்த காரியம் பத்திரிகை தொடங்கியதுதான். 1939-ல் 'இந்தியன் ஜர்னல் ஆப் பார்மஸி' அவரை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்தது. கல்லூரி ஒன்றே ஒன்று. பட்டதாரிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். யுத்தமோ வாசலில் வந்து நிற்கிறது. அந்த நிலைமையில் பத்திரிகை எதற்கு என்று கேட்டவர்கள் இருந்தால் ஆச்சரியமில்லை. ஷ்ராபுக்கு அதன் அவசியம் தெரிந்திருந்தது. தொழில் என்று ஒன்று உண்டாக வேண்டுமானால், அந்தத் தொழிலைச் செய்கிறவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். அந்தப் பத்திரிகை 1978-ல் வேறு பெயர் பூண்டு இன்றும் வந்துகொண்டிருக்கிறது. சுதந்திரம் வந்த மறு வருஷம், 1948-ல், மருந்தியல் தொழிலுக்கென்று தனிச் சட்டம் செய்தோம். கற்பிக்கும் முறையைப் பற்றியே பேசும் பத்திரிகை ஒன்றை மருந்தியல் ஆசிரியர்களின் சங்கம் 1967 முதல் நடத்தி வருகிறது. பிற்காலத்தில் அதன் பெயரில் 'கல்வி' என்ற சொல்லோடு 'ஆராய்ச்சி' என்ற சொல்லும் சேர்ந்துகொண்டது.

இன்று இத்தகைய பத்திரிகையை ஒரு வருஷம் நடத்துவது லைமன் காலத்து வேலையைவிடச் சுலபமா என்று கேட்டால், இல்லை என்றே சொல்ல வேண்டும். தபால் செலவு போய்விட்டது. இணையத்தின் வழியாக வியாசங்கள் நாள்தோறும் வந்து குவிகின்றன. ஒவ்வொரு வியாசத்தையும் பத்திரிகாசிரியர் முதலில் தாமே படித்து, தகுதியில்லாததைத் திருப்பி அனுப்புகிறார். மற்றதை அந்தத் துறையில் தேர்ந்த இருவர் அல்லது மூவருக்கு அனுப்புகிறார். எழுதியவருக்குப் பரிசோதகர் இன்னார் என்று தெரியாது. பல பத்திரிகைகளில் பரிசோதகருக்கும் எழுதியவர் இன்னார் என்று தெரியாது. இந்தப் பரிசோதகர்கள் பெரும்பாலும் ஒரு காசும் வாங்குவதில்லை. தம் வகுப்பையும் தம் பிள்ளைகளையும் கவனித்த பிறகு, இராத்திரியில் உட்கார்ந்து, முன்பின் அறியாத ஒருவருடைய வியாசத்தில் கணக்கு சரியா, முடிவு சரியா என்று பார்க்கிறார்கள். பத்துப் பேரைக் கேட்டால் இருவர் இசைவதே அதிர்ஷ்டம் என்று பத்திரிகாசிரியர்கள் குறைப்படுவதை எல்லாத் துறைகளிலும் கேட்கலாம்.

இதைவிடப் பெரிய வியாதி ஒன்று உண்டு. உத்தியோக உயர்வுக்கு இத்தனை வியாசம் வெளியாகியிருக்க வேண்டும் என்ற கணக்கு உலகம் முழுவதும் பரவிவிட்டது. கணக்கு வந்தவுடன் கடையும் வந்தது. பணம் கட்டினால் எதையும் பரிசோதிக்காமல் வெளியிடும் போலிப் பத்திரிகைகள், காளான்களைப் போல முளைத்திருக்கின்றன. நம் தேசம் அந்தக் காளானுக்கு ஈரமான நிலமாக இருப்பதைச் சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது. கலப்பட மருந்தும் கலப்பட வியாசமும் ஒரே குணமுடையவை. இரண்டிலும் மேல் சீட்டு ஒழுங்காக இருக்கிறது. உள்ளே இருக்க வேண்டியது இல்லை. எழுதுகிறவர் பெருகி, படிக்கிறவர் குறைந்தால், அச்சான விஷயம் மறுபடியும் அலமாரியிலேயே தங்கிவிடும். பிரிஸ்டல் நகரத்துக் கதையும் அங்கேதான் தொடங்கியது.

இது பழைய கதை, அயல் நாட்டுக் கதை என்று வாசகர்கள் நினைக்கலாகாது. அதே டை எத்திலீன் கிளைகால் 1972-ல் நம் சென்னையில் குழந்தைகளைக் கொன்றது. 1986-ல் பம்பாயில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் 14 பேரைக் கொன்றது. 2022-ல், நம் தேசத்தில் தயாராகி ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டுக்குப் போன இருமல் மருந்துகளில் அது இருந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் எச்சரித்தது. அங்கே மாண்ட குழந்தைகள் அறுபதுக்கு மேல். 2025-ஆம் வருஷம் நம் காஞ்சிபுரம் ஜில்லாவில் தயாரான ஓர் இருமல் மருந்து, மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாடா ஜில்லாவில் குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டது. இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் மூத்திரக் கோசம் கெட்டு இறந்தார்கள். தமிழ்நாட்டுச் சோதனைச்சாலையில் பார்த்தபோது, அந்த மருந்தில் நூற்றுக்கு 48.6 பங்கு டை எத்திலீன் கிளைகால் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு நூற்றுக்கு 0.1 பங்குதான்.

1937-ல் தெரியாத்தனம் என்று சொல்ல இடமிருந்தது. எண்பத்தெட்டு வருஷத்துக்குப் பின் அதற்கு இடம் ஏது? இருமல் மருந்தில் சேர்க்கும் கிளிஸரினோ, புரொப்பிலீன் கிளைகாலோ வாங்கும்போது, அவற்றைப் போலவே தெளிவாகவும் தித்திப்பாகவும் கெட்டியாகவும் இருக்கும் இந்த மலிவான விஷம் அவற்றில் கலந்து வரலாம். கண்ணால் பார்த்தும் நாக்கால் சுவைத்தும் பேதம் காண முடியாது. சோதனைச்சாலையில் பார்த்தால் உடனே தெரியும். பீப்பாய் ஒவ்வொன்றையும் சோதித்த பிறகே உபயோகிக்க வேண்டும் என்பது விதி. விதி புத்தகத்தில் இருக்கிறது. சோதிக்காமல் கையெழுத்திடச் சொன்னால், 'முடியாது, ஐயா' என்று முதலாளியிடம் சொல்லும் தைரியம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

அதைக் கற்பிக்க முடியுமா என்று சிலர் கேட்பார்கள். முடியும் என்பதே நம் உறுதியான அபிப்பிராயம். சூத்திரத்தை மனப்பாடம் செய்வித்து மதிப்பெண் போடும் வகுப்பில் அது வராது. இன்ன வருஷம், இன்ன ஊர், இன்ன பீப்பாய், இத்தனை குழந்தைகள் என்று சொல்லி, 'அந்த நாற்காலியில் நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்?' என்று மாணவனை எழுப்பி நிறுத்திக் கேட்கும் வகுப்பில் வரும். அப்படிக் கேட்கும் வகுப்பை எப்படி நடத்துவது, அதனால் மாணவர் உண்மையில் மாறுகிறார்களா என்று கண்டறிந்து எழுதுவதற்குத்தான் கல்விப் பத்திரிகை. அதன் ஒரு நல்ல வியாசத்தை ஓர் ஆசிரியர் படித்து, தம் வகுப்பை அடுத்த நாள் வேறு விதமாக நடத்தினால், அந்த வருஷத்து நான்கு இதழ்களின் செலவும் ஈடாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

வாசகர்களுக்கும் இதில் பங்கு உண்டு. மருந்தியல் கல்லூரியில் பிள்ளையையோ பெண்ணையோ சேர்க்கப் போகும் பெற்றோர், கட்டணம் எவ்வளவு, உத்தியோகம் கிடைக்குமா என்ற இரு கேள்விகளோடு மூன்றாவதாக ஒன்றைக் கேட்கட்டும்: 'இங்கே ஆசிரியர்கள் என்ன பத்திரிகை படிக்கிறார்கள்?' புத்தகசாலைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்க்கட்டும். மருந்துக் கடைக்குப் போகிறவர்கள், 'பதிவு செய்த மருந்தாளுநர் யார், அவரைக் கூப்பிடுங்கள்' என்று தயங்காமல் கேட்கட்டும். அவருடைய பட்டச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருந்து, அவர் மட்டும் கடையில் இல்லை என்றால், அந்த நாற்காலி ஏன் காலியாக இருக்கிறது என்று வினவ நமக்கு உரிமை உண்டு. கேட்கிறவர்கள் அதிகமானால்தான் படித்தவர்களுக்கு மதிப்பு ஏறும். படிப்புக்கு மதிப்பு ஏறினால்தான் அதைச் சீர்திருத்தும் பத்திரிகைகளுக்கு உயிர் நிற்கும்.

வருஷக் கடைசியில் எல்லாப் பத்திரிகைகளும் கணக்குப் பார்க்கின்றன. வந்த வியாசங்கள் இத்தனை, வெளியிட்டவை இத்தனை, திருப்பியவை இத்தனை, செலவு இவ்வளவு என்று மருந்தியல் கல்விப் பத்திரிகையை நடத்துகிறவரும் கணக்கு எழுதுவார். அவருக்கு அகப்படாத வரவு ஒன்று உண்டு. எங்கோ ஒரு தொழிற்சாலையில் ஓர் இளைஞர் ஒரு பீப்பாயைத் திருப்பி அனுப்பியிருப்பார். அந்தச் செய்தி எந்தப் பத்திரிகையிலும் வராது. நடக்காத மரணத்துக்கு யாரும் செய்தி எழுதுவதில்லை. அன்று இரவு ஒரு கரண்டி மருந்து சாப்பிட்ட குழந்தை இருமல் நின்று தூங்கியிருக்கும். காலையில் எழுந்து பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கும்.

லைமனும் ஷ்ராபும் வருஷந்தோறும் பாடுபட்டது அந்தக் குழந்தைக்காகத்தான்.